'சாதாரண': ஒரு சொல்லின் வழக்கும் எமது வழக்குகளும்

1992 ஆம் ஆண்டில் ஒருநாள், நோர்பரியில் லண்டன் றோட்டில் கடைகளுக்கு மேலே இருந்த ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில், புதிதாக வந்திருந்த ஓர் இளைஞரின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பதற்காக உட்கார்ந்திருந்தேன். ஊர், வயது, பாடசாலை, பெற்றோர் என்பன எழுதி முடிந்தபின், இராணுவம் பிடித்ததைப் பற்றிச் சொல்லும்படி சட்டத்தரணி கேட்டார். இளைஞர் சிறிது நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"எனக்கெண்டு விசேஷமா ஒண்டும் நடக்கேல்லை அண்ணை. எல்லாருக்கும் நடந்ததுதான். சாதாரணமாப் பெடியளைப் பிடிக்கிற மாதிரித்தான் என்னையும் பிடிச்சவங்கள்."

இதை அப்படியே ஆங்கிலத்திற் சொன்னேன். சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்தார். இந்த வசனம் இப்படியே போனால் விண்ணப்பத்தை நிராகரிக்க இது ஒன்றே போதும், அவருக்கு மட்டும் என்ன நடந்தது என்று கேளுங்கள் என்றார். கேட்டேன். இளைஞருக்குக் கேள்வி விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். "எனக்கு மட்டுமெண்டால்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவர் அடக்கத்தினாலோ கூச்சத்தினாலோ அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. தன்னுடைய கதை உண்மை என்பதற்கு அவரிடம் இருந்த மிகப் பலமான ஆதாரம், அது எல்லாருக்கும் நடந்தது என்பதே. ஆனால் எதிரில் இருந்த சட்டத்திற்கோ, அது எல்லாருக்கும் நடந்தது என்பதே அவரது வழக்கின் பலவீனம். இந்த இரண்டு நிலைப்பாடுகளுக்கும் நடுவில் 'சாதாரண' என்ற ஒரு பெயரடை நின்றது. நாளாந்தம் நூறு தடவை நாம் யோசியாமற் பாவிக்கும் இச்சொல் வெவ்வேறு துறைகளில் என்னென்ன பொருளில் வழங்குகிறது, அந்த வழக்கு எமது வழக்குகளை எப்படிப் பாதித்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் அடி

'சாதாரண' வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். 'ஆதாரம்' என்ற சொல்லுக்கு உறவானது. ஒரே ஆதாரத்தின் மேல் நிற்பது, பலருக்கும் உரியது, பொதுவானது என்பதே அதன் முதற் பொருள். 'மதிப்புக் குறைந்தது', 'பொருட்படுத்தத் தேவையற்றது' என்ற பொருள்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஒரு சொல் 'பலருக்கும் உரியது' என்ற நிலையிலிருந்து 'கீழானது' என்ற நிலைக்கு வழுக்கி விழுவது தமிழில் மட்டும் நடந்ததல்ல. 'பொது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்ததை ரேமண்ட் வில்லியம்ஸ் 1976 இல் வெளியிட்ட கலைச்சொல் நூலில் காட்டியிருக்கிறார். பொதுமக்கள் சபை என்னும்போது மரியாதையாக ஒலிக்கும் அதே சொல், ஒருவரது பேச்சையோ நடத்தையையோ குறிக்கும்போது வசையாகிவிடுகிறது. எல்லாரிடமும் இருப்பதற்கு மதிப்பில்லை என்று நினைக்கும் ஒரு வர்க்கம் சொற்களுக்குப் பொருள் கொடுக்கும் இடத்தில் இருக்கும்போது, சொற்கள் இப்படித்தான் கீழிறங்கும்.

பழைய பொருள் முற்றாக இறந்துவிடவில்லை. 1878 இல் கல்கத்தாவில் பிரம்ம சமாஜம் உடைந்தபோது, கேசப் சந்திர சென்னின் தனிமனிதத் தலைமையை ஏற்க மறுத்துப் பிரிந்தவர்கள் தமது புதிய அமைப்புக்குச் 'சாதாரண பிரம்ம சமாஜம்' என்று பெயரிட்டார்கள். கேசப் தாம் ஆதரித்த திருமணச் சீர்திருத்தத்துக்கு மாறாக, உரிய வயதை அடையாத தமது மகளைக் கூச்பெகார் அரச குடும்பத்தில் மணம்முடித்துக் கொடுத்தமை உடனடிக் காரணம். தலைவருக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி இருக்கமுடியுமா என்பதே அடிப்படைக் கேள்வி. 'சாதாரண' என்பது அங்கே 'அங்கத்தவர் அனைவருக்கும் உரிய' என்ற பொருளைத் தந்தது. தலைமை பற்றிய விவாதங்களில் களைத்துப்போன எமக்கு இந்தப் பெயர் சற்றுச் சிந்திக்கத்தக்கது.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் உண்டு. சிங்களத்தில் 'சாதாரண' என்றால் நியாயமான என்று பொருள். 'அசாதாரணய' என்றால் அநீதி. நாம் 'சாதாரண தரம்' என்று சொல்லும் பரீட்சையைச் சிங்களம் 'சாமான்ய' என்ற வேறு சொல்லாற் குறிக்கிறது. எல்லாருக்கும் ஒரே ஆதாரம் என்ற மூலப்பொருளிலிருந்து தமிழ் 'விசேஷமற்றது' என்ற பக்கம் போயிற்று. சிங்களம் 'பட்சபாதமற்றது' என்ற பக்கம் போயிற்று. ஒரே தீவில் ஒரே சொல்லுக்கு இரண்டு பாதைகள். "எனக்கு நடந்தது சாதாரணம்" என்று ஒரு தமிழர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் கேட்கும் ஒரு சிங்களவர், தனக்கு நடந்தது நியாயம் என்று இவர் ஒப்புக்கொள்கிறார் என எண்ணக்கூடும்.

துறைகள்தோறும்

கர்நாடக இசையில் காந்தாரம் மூன்று: சுத்த காந்தாரம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம். இங்கே 'சாதாரண' என்பதற்கும் தரத்திற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய இசை நூல்களில் இரண்டு சுர நிலைகளுக்கு இடைப்பட்டு இரண்டுக்கும் பொதுவாய் நிற்பதைக் குறிக்க இச்சொல் பயன்பட்டது. இன்றைய முறையிலும் சாதாரண காந்தாரத்தின் இடம் ஷட்சுருதி ரிஷபத்திற்கும் உரியது. ஓர் இடம், இரண்டு பெயர். எங்கள் கோயில் வீதிகளில் நள்ளிரவு தாண்டியும் நாதஸ்வரத்தில் ஒலித்த தோடி இராகத்தின் காந்தாரம் இந்தச் சாதாரண காந்தாரம்தான். அதைக் கேட்டவர் எவரும் அதில் சாதாரணமான எதையும் கேட்டிருக்கமாட்டார்.

கட்டடத் தொழிலில் இச்சொல்லுக்கு வேறொரு கௌரவம் உண்டு. 'சாதாரண போட்லண்ட் சீமெந்து' என்பது மட்டமான சீமெந்து அல்ல. விரைவில் இறுகுவது, சல்பேற்றைத் தாங்குவது என்பன போன்ற விசேட வகைகள் அனைத்தையும் அளப்பதற்கு அடிப்படையான வகை அது. 1824 இல் ஜோசப் அஸ்ப்டின் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்று, போட்லண்ட் கல்லை ஒத்தது என்று பெயர் சூட்டிய இந்தப் பொருளை 1950 முதல் காங்கேசன்துறையில் நாமே உற்பத்தி செய்தோம். 1990 இல் யுத்தம் அந்தத் தொழிற்சாலையை மூடியது. அதன்பின் வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் சீமெந்தும் இடம்பெற்றது, ரோச் லைற்றுக்குப் போடும் பற்றறியும் இடம்பெற்றது. ஒரு கிணற்றுக்கட்டைப் பூசத் தேவையான சாதாரணப் பொருள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கேட்கும் அசாதாரணப் பொருளாகியது.

பரீட்சையிலோ இச்சொல் ஒரு படியைக் குறிக்கிறது. க.பொ.த. சாதாரண தரம், பின்னர் உயர்தரம். பெறுபேற்றிலும் அதிவிசேட சித்தி, திறமைச் சித்தி என்பவற்றுக்கெல்லாம் கீழே சாதாரண சித்தி. பிரித்தானியா 1951 இல் கொண்டுவந்த சாதாரண தரத்தைத் தானே கைவிட்டு 1988 இல் புதிய பரீட்சையை நடத்தத் தொடங்கியது. இலங்கையில் அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 'சாதாரணம்' என்றால் தாண்டிப் போகவேண்டியது, அங்கேயே நின்றுவிடுபவன் தோற்றவன் என்ற உணர்வு யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் எலும்பில் ஊறியதற்கு இந்தப் பரீட்சைப் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு என நினைக்கிறேன்.

சட்டத்துறையில் இச்சொல் தடுமாறுகிறது. பிரித்தானியாவில் 'சாதாரண வதிவிடம்' என்பது ஒரு முக்கியமான கருத்து. பல்கலைக்கழகக் கட்டணம், இலவச வைத்தியம் எனப் பல உரிமைகள் அதனோடு கட்டப்பட்டவை. 1982 டிசெம்பரில் வெளிநாட்டிலிருந்து வந்து படித்த மாணவர்களின் வழக்கொன்றில் பிரபுக்கள் சபை இதற்கு விளக்கம் அளித்தது. ஸ்கார்மன் பிரபு சொன்னதன் சாரம் இது: இச்சொல்லுக்கு அதன் இயல்பான, சாதாரணக் கருத்தையே கொள்ளவேண்டும். ஒருவர் தானே விரும்பி, ஏதோ ஒரு நிலையான நோக்கத்தோடு, தன் அன்றாட வாழ்வின் ஒழுங்கில் ஒரு பகுதியாக ஓரிடத்தில் வசித்தால் அது அவரது சாதாரண வதிவிடம், அது குறுகிய காலமாகவும் இருக்கலாம், நீண்ட காலமாகவும் இருக்கலாம். அங்கே அவர் சட்டபூர்வமாக இருக்கவும் வேண்டும். 'சாதாரண' என்பதை விளக்கச் 'சாதாரண' என்ற சொல்லையே நாடவேண்டியிருந்தது என்பது ஒருபுறம் இருக்க, 'தானே விரும்பி' என்ற பகுதியைக் கவனிக்கவேண்டும். சாதாரணமாக வசிப்பதற்கே ஒரு சுதந்திரம் தேவைப்படுகிறது.

இலங்கையில் 'சாதாரண சட்டம்' என்ற தொடர் அவசரகாலச் சட்டத்திற்கு எதிர்ச்சொல்லாகவே எமக்குப் பழக்கம். எமது அறுபது வருடச் சுற்றில் நாற்பத்துநான்காவது வருடத்தின் பெயர் 'சாதாரண'. கடைசியாக அது வந்தது 1970 சித்திரையில். அந்த வருடத்தில்தான் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது, பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு அதிக புள்ளிகள் கோரும் முறை வந்தது. 1971 மார்ச்சில் அவசரகால நிலை பிரகடனமாகியது, ஏப்ரல் 5 இல் ஜே.வி.பி.யின் கிளர்ச்சி வெடித்தது. சில நாட்களில் 'சாதாரண' முடிந்து 'விரோதகிருது' பிறந்தது. பெயர்ப் பொருத்தத்தை நான் நம்புபவன் அல்லன். ஆயினும் அதன்பின் 1979 இல் தற்காலிகமானது எனக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1983 முதல் 2011 ஆகஸ்ட் வரை, சில இடைவெளிகள் தவிர, அவசரகாலமே நீடித்தது. சாதாரணச் சட்டத்தில் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியம் ஆகாது. பயங்கரவாதத் தடைச்சட்டத்திலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகும். அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அசாதாரணச் சட்டமே சாதாரணம். நோர்பரியில் அந்த இளைஞர் 'சாதாரணமா' என்று சொன்னதன் பின்னணி இது.

மணிமேகலையின் இரண்டு போலிகள்

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான துறைக்கு வருவோம். மணிமேகலையின் 29 ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தருக்கத்தைக் கற்பிக்கிறார். 'நியாயப்பிரவேசம்' என்ற வடமொழித் தருக்க நூலுக்கு மிக நெருக்கமான பகுதி இது என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அதில் காரணம்போலத் தோன்றி உண்மையில் எதையும் நிறுவாத ஏதுப் போலிகளின் பட்டியல் வருகிறது. 'அநைகாந்திகம்', அதாவது ஒரு முடிவுக்கு இட்டுச்செல்லாத ஏது, என்ற வகையின் முதல் இரண்டு உறுப்புகள் 'சாதாரணம்', 'அசாதாரணம்' என்பன.

உதாரணத்தோடு பார்ப்போம். ஒலி நிலையற்றது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்று ஒருவர் வாதிடுகிறார். நிலையற்ற குடமும் அறியப்படுகிறது, நிலையான ஆகாயமும் அறியப்படுகிறது. எனவே 'அறியப்படுதல்' என்ற ஏது இரு தரப்புக்கும் பொது. அதிலிருந்து ஒலி எந்தத் தரப்பைச் சேர்ந்தது என்று முடிவுசெய்ய முடியாது. இது சாதாரணம் என்னும் போலி.

இன்னொருவர், ஒலி நிலையானது, ஏனெனில் அது செவியாற் கேட்கப்படுகிறது என்கிறார். கேட்கப்படுதல் என்பது ஒலிக்கு மட்டுமே உரியது. நிலையானவற்றிலும் வேறெதிலும் இல்லை, நிலையற்றவற்றிலும் வேறெதிலும் இல்லை. ஒப்பிட ஒன்றும் கிடையாது. எனவே இதிலிருந்தும் ஒரு முடிவுக்கு வரமுடியாது. இது அசாதாரணம் என்னும் போலி.

அதாவது ஏது மிகப் பொதுவாக இருந்தாலும் பயனில்லை, மிகத் தனியாக இருந்தாலும் பயனில்லை. தஞ்சம் கோரிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது பழக்கப்பட்ட இடம் என்று தோன்றும்.

எமது வழக்குகள்

நோர்பரிப் புகையிரத நிலையத்திலிருந்து தெற்கே மூன்றாவது தரிப்பு கிழக்குக் குரொய்டன். அங்கே, மனிதன் சந்திரனுக்குப் போன காலத்தில் கட்டப்பட்டதால் 'லூனர் ஹவுஸ்' என்று பெயர்பெற்ற இருபது மாடிக் கட்டடத்தில் குடிவரவுத் திணைக்களம் இயங்கியது. எம்மில் ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்கள் போய்ச்சேர்ந்த இடம் அது.

1987 டிசெம்பரில் பிரபுக்கள் சபை சிவகுமாரன் வழக்கில் தீர்ப்பளித்தது. அகதியின் பயம் உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது, திருப்பி அனுப்பப்பட்டால் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு சாத்தியம் உண்டு என்று புறநிலையிலும் தெரியவேண்டும் என்பதே அதன் சாரம். இந்த வழக்குடன் தொடர்புடைய ஐந்து தமிழர்கள் 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் மூவர் அங்கே துன்புறுத்தலுக்கு உள்ளானார்கள். இலங்கையிலிருந்தபடியே செய்த மேன்முறையீட்டில் 1989 இல் வென்று மீண்டும் லண்டன் வந்தார்கள். அவர்களது முறைப்பாடு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை சென்றது. வில்வராஜா வழக்கு என அறியப்படும் அந்த வழக்கில் 1991 ஒக்டோபர் 30 இல் தீர்ப்பு வந்தது. அவர்களது நிலை மற்றத் தமிழர்களின் பொதுவான நிலையைவிட, மற்றத் தமிழ் இளைஞர்களின் நிலையைவிட மோசமானது என்று நிறுவப்படவில்லை, துன்புறுத்தப்பட்ட மூவரையும் முன்கூட்டியே இனங்காணத்தக்க விசேட வேறுபாடு எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை, ஆகவே பிரித்தானியா தவறிழைக்கவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு.

இது அறவண அடிகள் சொன்ன 'சாதாரணம்' என்ற மறுப்பேதான். தமிழ் இளைஞன் என்ற ஏது துன்புறுத்தப்பட்டவனுக்கும் பொது, தப்பியவனுக்கும் பொது, எனவே அது எதையும் நிறுவாது.

மறுபுறத்தில் அசாதாரணம் காத்திருந்தது. தமக்கு மட்டும் நடந்தது என்று விவரமாகச் சொன்னவர்களின் நிராகரிப்புக் கடிதங்களில், இப்படி ஒரு சம்பவம் நடந்ததாக வேறெங்கும் பதிவில்லை, இது நம்பத்தக்கதல்ல என்ற வசனங்கள் வந்தன. பல கடிதங்களை வாசித்து மொழிபெயர்த்திருக்கிறேன். பொதுவாகச் சொன்னால் போதாது, தனியாகச் சொன்னால் நம்பமுடியாது. இந்த இரு மதில்களுக்கும் இடையிலான ஒடுங்கிய ஒழுங்கையால் நுழைந்தவர்களுக்கே அந்தஸ்து கிடைத்தது. நுழையாத பலருக்குக் கிடைத்தது ஈ.எல்.ஆர். என்ற 'விதிவிலக்கான' அனுமதி: முதலில் ஒரு வருடம், பிறகு மூன்று, திரும்பவும் மூன்று, ஏழு வருடங்களின் பின் நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2003 இல் அந்த முறை நீக்கப்படும்வரை அது எமது பேச்சுவழக்கில் ஒரு தமிழ்ச் சொல்லாகவே இருந்தது. தனக்கு விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்ன அந்த இளைஞருக்கும் கடைசியில் கிடைத்தது அந்த விதிவிலக்கு அனுமதிதான்.

இந்தத் தருக்கத்தில் பிழை எங்கே? சாதாரணம் எப்போது போலியாகும் என்பதைக் கவனமாகப் பார்க்கவேண்டும். ஏது எதிர்த்தரப்பிலும் இருக்கும்போது மட்டுமே அது போலி. ஒரு கூட்டம் முழுவதும் ஆபத்தில் இருக்குமானால், அக்கூட்டத்தில் 'ஆபத்தில் இல்லாதவர்' என்ற எதிர்த்தரப்பே கிடையாது. அப்போது பொதுவான ஏது போலியல்ல, அதுவே நிறுவுகின்ற ஏது. மேலும், அகதி நிறுவவேண்டியது தனக்கு நிச்சயமாகத் தீங்கு நேரும் என்பதை அல்ல, தீங்கு நேரக்கூடும் என்ற பயம் ஆதாரமுள்ளது என்பதை. இன்றுவரை தப்பியிருப்பவனும் ஆபத்துக்கு உட்பட்டவனாக இருக்கலாம். தப்பியவனை எதிர்த்தரப்பாகக் காட்டியது தான் அந்தத் தீர்ப்பின் தருக்கத்திலுள்ள ஓட்டை.

உலகின் மற்றப் பகுதிகள் இதை முன்னரே உணர்ந்திருந்தன. 1969 இன் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பின் அகதிகள் உடன்படிக்கை, பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கும் சம்பவங்களால் வெளியேறியவர்களையும் அகதிகள் என ஏற்றுக்கொண்டது. 1984 இல் மத்திய அமெரிக்க நாடுகளின் கார்த்தஹேனா பிரகடனமும் பரவலான வன்முறையை ஒரு காரணமாகக் கண்டது. ஐரோப்பிய நீதிமன்றமும் மெல்ல அசைந்தது. 2007 இல் ஒரு சோமாலியரின் வழக்கிலும், 2008 ஜூலையில் பிரித்தானியாவிலிருந்த ஓர் ஈழத்தமிழரின் வழக்கிலும், முறையாகத் துன்புறுத்தப்படும் ஒரு குழுவைச் சேர்ந்தவர் எனக் காட்டினால் மேலதிகமான விசேட அடையாளங்களைக் கோரக்கூடாது என்ற நிலைப்பாட்டை அது எடுத்தது. எனினும் அந்தத் தமிழரின் வழக்கில்கூட எல்லாத் தமிழருக்கும் பொதுவான ஆபத்து இருப்பதாக நீதிமன்றம் ஏற்கவில்லை. 2007 இல் பிரித்தானியத் தீர்ப்பாயம் தொகுத்திருந்த பன்னிரண்டு ஆபத்துக் காரணிகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கவேண்டும் என்றது. உடம்பில் தழும்பு, அடையாள அட்டை இல்லாமை, இயக்கத்தில் உறவினர், லண்டன் போன்ற நகரத்திலிருந்து திரும்புதல் என்பன அந்தப் பட்டியலிலுள்ள சில. ஒவ்வொன்றாக எடுத்தால் எங்கள் வீடுகளில் எந்த வீட்டிலும் காணக்கூடிய சாதாரணம். கூட்டினால் அசாதாரணம்.

நாமும் அதே சொல்லும்

சட்டத்தைக் குறைசொல்லி நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை அரைவாசிதான் எழுதப்பட்டதாகும்.

'கேஸ் எழுதுதல்' என்ற தொழில் எம்மிடையே வளர்ந்ததை நாம் அறிவோம். சாதாரணமான கதை எடுபடாது என்றானபோது, எடுபடும் கதைகள் ஒருவரிலிருந்து ஒருவருக்குக் கைமாறின. அதன் விளைவு ஒழுக்கம் பற்றிய கேள்வி மட்டுமல்ல. எமது யுத்தத்தைப் பற்றிய ஒரு பெரிய எழுத்தாவணம் ஐரோப்பிய அரசுகளின் கோப்புகளில் இருக்கிறது. அதில் இருப்பது அசாதாரணமானவை. சோதனைச் சாவடியில் காலை ஆறு மணியிலிருந்து நின்றது, ஷெல் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாடப்புத்தகத்தோடு இறங்கியது, மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்தது ஆகிய, எல்லாருக்கும் நடந்தவை அங்கே இல்லை. நாளை எங்கள் பிள்ளைகள் அந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் தமது பெற்றோரைக் காணமாட்டார்கள்.

இயக்கங்களின் மொழியிலும் 'சாதாரண சனம்' என்பது கூட்டத்துக்கு வருபவர்கள், பங்கர் வெட்டுபவர்கள், வரி கொடுப்பவர்கள். முடிவெடுப்பவர்கள் அல்லர். அறிவுஜீவிகளாகிய நாமோ 'சாதாரண வாசகனுக்கு இது விளங்காது' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இறந்த பொதுமக்களின் தொகைபற்றி இன்றுவரை உடன்பாடு இல்லை. போராளிகளின் பெயர்களுக்குப் பட்டியல் வைத்திருந்த ஒரு சமூகத்திடம் சாதாரணமாக இறந்தவர்களின் பட்டியல் இல்லை.

இன்னொரு விடயமும் உண்டு. துன்புறுத்துபவனுக்குப் பொதுவான காரணமே போதும். புகலிடம் கொடுப்பவருக்குத்தான் அது போதாது. 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்புகளோடு வந்த கும்பல் எவரிடமும் விசேட வேறுபாடு தேடவில்லை, தமிழர் என்ற ஒரு காரணம் போதுமாயிருந்தது. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோதும் இதுதான் நடந்தது. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். அவர்களிடமும் தனித்தனியாக எதுவும் விசாரிக்கப்படவில்லை, முஸ்லிம் என்ற பொதுக் காரணம் போதுமாயிருந்தது. வில்வராஜா தீர்ப்பின் அநீதியை விளங்கிக்கொண்ட நாங்கள் இதை விளங்கிக்கொள்ளாமல் இருக்கமுடியாது. 'எல்லாருக்கும் நடந்ததுதான்' என்று சொல்லும்போது அந்த 'எல்லாருக்குள்ளும்' அவர்கள் இருக்கிறார்களா? கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்கள், 1968 இல் மாவிட்டபுரத்தில் உள்ளே போகப் போராடியவர்கள் இருக்கிறார்களா? ஒரே ஆதாரத்தில் நிற்பவர்கள் யார் என்று கேளாமல் 'சாதாரண' என்ற சொல்லின் பழைய பொருளை மீட்கமுடியாது.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு குறிப்பு

அன்று நான் மொழிபெயர்த்தது பிழை என்று இப்போது நினைக்கிறேன். இளைஞர் சொன்ன 'சாதாரணமா' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'விசேஷமற்றது' என்ற பொருள்தரும் சொல்லைப் போட்டேன். அவர் சொன்னதோ 'வழமையாக', 'எங்கள் எல்லாரையும்' என்பதை. அத்தோடு சட்டத்தரணியின் கேள்வியை அப்படியே திருப்பிக் கேட்டேன். "உமக்கு மட்டும் என்ன நடந்தது?" என்பது அவரைத் தன் அயலிலிருந்து பிரித்தெடுக்கும் கேள்வி. அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி: "எல்லாரும் எண்டால் ஆர் ஆர், தம்பி?" பின்னர் வேறு வாக்குமூலங்களில் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது ஒழுங்கை வருகிறது, வீடு வீடாகப் பெயர் வருகிறது, எந்த மாதத்தில் யாரைக் கொண்டுபோனார்கள், யார் திரும்பி வந்தார், யார் வரவில்லை என்பது வருகிறது. பதின்மூன்று வீட்டில் ஒன்பது வீட்டுப் பெடியள் என்ற கணக்கு வருகிறது. பொதுவான ஏது பொத்தாம்பொதுவாக நிற்கும்போதுதான் அது போலி. பெயரும் திகதியும் சேர்ந்தவுடன் அது சாட்சியம். இதற்காக எதையும் புனையத் தேவையில்லை, எவருடைய தழும்பையும் கடன்வாங்கத் தேவையில்லை.

இது சட்டத்தரணியின் மேசைக்கு மட்டும் உரிய வேலையல்ல. இந்த ஊரிலேயே, 109 ஆம் இலக்க பஸ்ஸில் எமக்குப் பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருக்கும் வயோதிபர்களிடம் அந்தக் கேள்வியை இன்னும் எவரும் கேட்கவில்லை. கேட்டால் பெரும்பாலும் "எங்களுக்கென்ன, எல்லாருக்கும் நடந்ததுதான்" என்றுதான் தொடங்குவார்கள். அந்த இடத்தில் பேனையைக் கீழே வைக்காமல் எழுதத் தொடங்கவேண்டும்.